டைனோவில் என் மினி: முதல் ரன்னும் மூன்றாவது ரன்னும்

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பம்ப்) வைத்த காரை டைனோவில், அதாவது ரோலர்கள் மேல் ஓட்டிப் பவரை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றினால் முதலில் வரும் எண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இன்ஜினும், அதற்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஆறியிருக்கும்போது சில நொடிகளுக்கு மட்டும் கிடைக்கும் பவர் அது. சாலையில் அந்தக் கார் எப்படி இருக்கும் என்பது, ஆறவிடாமல் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். என் காரிலேயே இதைக் கண்கூடாகப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார் 2005 மாடல் மினி கூப்பர் எஸ். ஆர்53 என்று சொல்கிற தலைமுறை. 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். கம்பெனி சொல்லும் கணக்கு 170 பிஎஸ் பவர், 220 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). நான் செய்த முக்கியமான மாற்றம் ஒன்றுதான்: சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, அதாவது புல்லியை, 15 சதவீதம் சிறியதாக மாற்றினேன். இன்டர்கூலர் கம்பெனி கொடுத்ததேதான்.

புல்லி மாற்றினால் ஏன் பவர் கூடுகிறது என்பதை எண்களாகவே பார்க்கலாம். எம்45 என்ற பெயரில் உள்ள 45, சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்குத் தள்ளும் காற்றின் அளவு. 45 கன அங்குலம், அதாவது சுமார் 737 சிசி. இன்ஜின் 1,598 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றும்போது அதில் பாதி, 799 சிசி காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஆனால் சூப்பர்சார்ஜர் கிராங்க்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. ஆக, 800 சிசி போக வேண்டிய இடத்துக்கு 1,470 சிசியை அனுப்புகிறோம். அழுத்தம் ஏறித்தானே ஆக வேண்டும்? அதுதான் பூஸ்ட். புல்லியின் விட்டத்தை 15 சதவீதம் குறைத்தால் சூப்பர்சார்ஜர் 17, 18 சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றும். காற்றும் கூடும், சூடும் கூடும். இந்தச் சூடுதான் இந்தப் பதிவின் கதாநாயகன்.

டர்போவும் இப்படிக் காற்றைத் தள்ளுவதுதான், ஆனால் அதை இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை சுழற்றுகிறது. சூப்பர்சார்ஜரை கிராங்க்கே பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. காத்திருக்க வேண்டியதே இல்லை, மிதித்த கணத்தில் பூஸ்ட் இருக்கும். அதற்காகவே இந்த வகை இன்ஜின்கள் மீது எனக்குப் பெரிய பிரியம். ஆனால் அந்தப் பெல்ட்டைச் சுற்றவும் இன்ஜின் தன் பவரில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. 707 குதிரைத்திறன் கொண்ட டாட்ஜ் ஹெல்கேட்டில் சூப்பர்சார்ஜரைச் சுற்ற மட்டும் உச்ச வேகத்தில் சுமார் 80 குதிரைத்திறன் போகிறது என்று அதைத் தயாரித்தவர்களே சொன்னார்கள். ஒரு சின்னக் காரின் மொத்தப் பவர் அது! டைனோவில் நமக்குத் தெரிவது இந்தச் செலவெல்லாம் போக மிஞ்சியதுதான்.

சரி, டைனோ எதை அளக்கிறது? நான் போன இடத்தில் இருப்பது இனெர்ஷியா வகை. கனமான இரும்பு ரோலர்கள், அவற்றின் மேல் காரின் டிரைவ் சக்கரங்கள். ரோலரின் நிறையும் விட்டமும் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒவ்வொரு கணமும் அது எவ்வளவு வேகமெடுக்கிறது என்பதை மட்டும் சென்சார் அளக்கிறது. அந்த வேகமாற்றத்திலிருந்து விசை, விசையையும் வேகத்தையும் பெருக்கினால் பவர். அவ்வளவுதான். இதில் இன்ஜின் ஆர்பிஎம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த கியரில் ஓட்டினாலும், ஆர்பிஎம் சிக்னலே இல்லாவிட்டாலும், குதிரைத்திறன் ஓரளவு சரியாகவே வந்துவிடும்.

டார்க் அப்படி இல்லை. ரோலரில் கிடைத்த பவரை இன்ஜின் ஆர்பிஎம்மால் வகுத்துத்தான் டார்க்கைக் கணக்கிடுகிறார்கள். ஆர்பிஎம் தப்பாக வந்தால் டார்க் எண்ணும் தப்புத்தான். இக்னிஷன் ஒயரில் மாட்டும் கிளிப் சரியாகப் பிடிக்காமல் துடிப்புகளைத் தவறவிட்டு, அதனால் டார்க் எக்கச்சக்கமாக ஏறிய ஷீட்களை (டைனோ அச்சடித்துத் தரும் தாள்களை) நான் பார்த்திருக்கிறேன். அதே ஷீட்டில் குதிரைத்திறன் மட்டும் ஒழுங்காக இருக்கும். ஆகவே ரன் தொடங்கும் முன் கார் மீட்டரில் 3,000 காட்டும்போது டைனோ திரையிலும் 3,000 தெரிகிறதா என்று பார்த்துவிடுவது என் பழக்கம். ஒரு நிமிட வேலை.

இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு. குதிரைத்திறனையும் பவுண்ட்-அடியில் டார்க்கையும் ஒரே அளவுகோலில் வரைந்தால், இரண்டு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொண்டே தீர வேண்டும். இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு குதிரைத்திறன் என்றால் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்ட் என்று ஜேம்ஸ் வாட் வைத்துவிட்டுப் போனார். அதை ஒரு சுற்றுக்கான 2π-ஆல் (இரண்டு மடங்கு 3.1416) வகுத்தால் 5,252. கோடுகள் வேறெங்காவது வெட்டினால் அளவுகோல் வேறு, இல்லாவிட்டால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. நியூட்டன் மீட்டரில் பார்ப்பவர்கள் டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். ஷீட்டில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து இப்படிப் போட்டுப் பார்த்தாலே போதும்.

பவரிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஒரு ஹெச்பி 745.7 வாட். ஒரு பிஎஸ் 735.5 வாட். என் காரின் 170 பிஎஸ், ஹெச்பியில் 168-க்கும் கொஞ்சம் குறைவு. கிலோவாட்டில் 125. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இரண்டு ஷீட்களை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் இரண்டு குதிரைகள் எங்கிருந்தோ முளைத்துவிடும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் திருத்தக் கணக்கில் வருகிறது. குளிர்ந்த, அழுத்தமான காற்றில் இன்ஜின் கூடுதல் பவர் தரும். சூடான காற்றில் குறையும். வேறு வேறு நாட்களில் எடுத்த ரன்களை ஒப்பிட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வானிலைக்கு மாற்றிச் சொல்கிறார்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே1349 முறையில் அந்த வானிலை 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதத்தைக் கழித்து 990 மில்லிபார். எஸ்டிடி என்று மெனுவில் இருக்கும் பழைய முறையில் 15.5 டிகிரி, 1,013 மில்லிபார். இரண்டாவது முறை சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். அதே கார், அதே ரன். எஸ்ஏஇ-யில் 161 வந்தது எஸ்டிடி-யில் 167 ஆகிவிடும். ஒரு பட்டனைத் தட்டினால் ஆறு குதிரைகள். பவர் கூடியதாகக் காட்டப்படும் எந்த ஷீட்டைப் பார்த்தாலும் முதலில் ஓரத்தில் எஸ்ஏஇ என்று இருக்கிறதா, எஸ்டிடி என்று இருக்கிறதா என்றுதான் என் கண் தேடும்.

இந்தத் திருத்தம் சூப்பர்சார்ஜருக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்தில், டர்போவைவிட நன்றாகவே பொருந்தும். நவீன டர்போ காரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தாலும் இசியூ (இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) வேஸ்ட்கேட்டை, அதாவது டர்போவுக்குப் போகாமல் புகையை வெளியே விடும் கதவை, மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு, குறித்த அழுத்தத்தை எட்டிவிடும். இழப்பு அதிகமில்லாத இடத்தில் திருத்தம் சும்மா பவரை அள்ளி வழங்கிவிடுகிறது, முக்கியமாக மலைப் பகுதிகளில். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜருக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே வரும் காற்றை இத்தனை மடங்கு என்றுதான் அதனால் அழுத்த முடியும். வெளியே காற்று மெலிந்தால் உள்ளேயும் அதே விகிதத்தில் மெலியும். சாதாரண இன்ஜின் போலவே பவர் இறங்கும். எனவே அந்தத் திருத்தம் இங்கே நியாயமானது. நான் ஓட்டிய நாளில் உள்ளே 29 டிகிரி, திருத்தக் காரணி 1.015. திருத்தாத எண் 158 சொச்சம், திருத்திய எண் 161. இவ்வளவு சின்னத் திருத்தம் என்றால் நிம்மதி. 1.07-ஐத் தாண்டுகிற நாள் என்றால் அந்த ஷீட்டை வைத்து யாரோடும் வாதாட மாட்டேன்.

ஆனால் இந்தத் திருத்தம் பார்ப்பது வெளிக்காற்றைத்தான். இன்டர்கூலரைத் தாண்டி இன்ஜினுக்குள் போகும் காற்று எவ்வளவு சூடு என்பது அதற்குத் தெரியாது. சூப்பர்சார்ஜர் காரில் பவரைத் தீர்மானிப்பது அந்தச் சூடுதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. காற்றை அழுத்தினால் சூடாகும். 29 டிகிரி காற்றை 0.9 பார் பூஸ்ட்டுக்கு அழுத்தினால், குறையே இல்லாத கம்ப்ரஸராக இருந்தாலும் 60 டிகிரி ஏறும். எம்45 ரூட்ஸ் வகை. தனக்குள்ளே காற்றை அழுத்தாமல், அள்ளி அந்தப் பக்கம் தள்ளி, அங்கே இருக்கும் அழுத்தத்தில் மோதவிடுகிற அமைப்பு. சூட்டை உண்டாக்குவதில் இதற்கு இணை இல்லை. செயல்திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏற்றம் 110 டிகிரி. சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று 140 டிகிரியைத் தொடுகிறது. அதைத் திரும்பக் குளிர்விக்கும் வேலை முழுக்க இன்டர்கூலருடையது.

ஆர்53-இல் இன்டர்கூலர் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இன்ஜினுக்கு மேலே, படுத்த நிலையில். பானெட்டில் இருக்கும் அந்த அழகான ஸ்கூப் (காற்று நுழையும் திறப்பு) வழியாகத்தான் அதற்குக் காற்று வர வேண்டும். பானெட்டை மூடினால் ஸ்கூப்பின் அடியிலுள்ள ரப்பர் விளிம்பு இன்டர்கூலரைச் சுற்றி உட்கார்ந்து, காற்று வேறெங்கும் ஓடாமல் நேராகக் கீழே போகும். பானெட்டைத் திறந்துவிட்டால் அந்தப் பாதையே இல்லாமல் போகிறது. ஆனால் டைனோவில் பெரும்பாலும் என்ன செய்வார்கள்? கார் ஏறியதும் பானெட்டைத் தூக்கிவிடுவார்கள். முன்னால் தரையில் ஒரு பெரிய ஃபேன். ரேடியேட்டருக்கு அது நல்லது. என் காரின் இன்டர்கூலருக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

டைனோவை இயக்குபவர் அனுபவசாலி. பெல்ட்களைப் போட்டுக் காரைத் தரையோடு கட்டும்போதே டயர் அழுந்தாத அளவுக்கு நிதானமாக இறுக்கினார். அதிகமாக இறுக்கினால் டயர் நசுங்கி ரோலரில் கூடுதல் இழப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும். கட்டி முடித்ததும் வழக்கம்போல பானெட் பக்கம் போனார்.

"அண்ணே, இந்தக் காருக்கு பானெட்டை மூடியே ஓட்டலாம். இன்டர்கூலருக்குக் காற்று ஸ்கூப் வழியாத்தான் வரணும்" என்றேன்.

ஸ்கூப்புக்குள் கையை விட்டு, இன்டர்கூலர் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். "அப்போ ஃபேன் கீழே இருந்து என்ன பிரயோஜனம், தம்பி? முதல்ல இப்படியே ஓட்டுவோம். அப்புறம் மேலே ஒரு ப்ளோயர் வச்சு ஓட்டுவோம். என்ன வித்தியாசம்னு பாத்துடலாம்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே நாளில், ஒரே காரில், ஒன்றை மட்டும் மாற்றி அளப்பதற்குத்தான் டைனோ இருக்கிறது.

டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்தோம். முன்சக்கரங்கள் சுழன்று பின்சக்கரங்கள் நின்றால் கார் வழுக்குகிறது என்று நினைத்து இசியூ பவரை வெட்டிவிடும். நான்காவது கியர். 2,000-இல் நிதானமாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 7,000 வரை. சூப்பர்சார்ஜரின் அந்தக் கூவல் மூடிய அறைக்குள் கேட்கும்போது காது வலிக்கும், ஆனாலும் காதுமூடியை ஒரு கணம் எடுத்துவிட்டுக் கேட்கத் தோன்றும்.

முதல் ரன்: சக்கரத்தில் 161 குதிரைத்திறன், 6,500-இல். டார்க் 203 நியூட்டன் மீட்டர், 4,500-இல். இன்டேக் மேனிஃபோல்டில் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) இருக்கும் சென்சார் ரன் முடிவில் 47 டிகிரி காட்டியது. புல்லி மாற்றுவதற்கு முன் இதே டைனோவில் 142 வந்திருந்தது. பத்தொன்பது குதிரைகள் கூடியிருக்கின்றன. இத்தோடு ஷீட்டை அச்சடித்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் எல்லோருக்கும் திருப்தி.

ரோலர் நின்றதும் உடனே அடுத்த ரன். 157. காற்று 61 டிகிரி. மறுபடி உடனே. 151. காற்று 72 டிகிரி. முதல் ரன்னுக்கும் மூன்றாவதற்கும் பத்துக் குதிரைகள் வித்தியாசம். புல்லி கொடுத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, சூடான காற்று மெலிந்தது. அதே அழுத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. இரண்டு, காற்று சூடாக இருப்பதைப் பார்த்து இசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. இல்லாவிட்டால் பெட்ரோல் தானே வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும். இந்த இரண்டாவது விஷயத்துக்காக நான் இசியூவைக் குறை சொல்லவே மாட்டேன். பிஸ்டனைக் காப்பாற்றுவது அதுதான்.

அப்புறம் காரைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டோம். அவர் ஒரு சின்ன ப்ளோயரை இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏற்றி, அதன் வாயை நேராக ஸ்கூப்புக்குள் பார்க்கும்படி வைத்தார். சுற்றியிருந்த இடைவெளியை ஒரு அட்டையை வளைத்து மறைத்தார். பார்க்க எளிமையான ஏற்பாடு. கையை இன்டர்கூலரின் கீழே நீட்டிப் பார்த்தால் காற்று அதன் தகடுகளுக்கு நடுவே வழிந்து வருவது நன்றாகத் தெரிந்தது. கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது அதன்மேல் மோதும் காற்றின் வேகம் நொடிக்கு 28 மீட்டர் இருக்கும். இந்த ப்ளோயர் அந்த அளவுக்கு ஊதாது. ஆனால் ஊதுவது முழுக்க சரியான இடத்துக்குப் போகிறது.

இந்த முறை 162, 161, 159. காற்று 44, 48, 51 டிகிரி. மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் பிரித்துப் பார்க்கவே சிரமம். முந்தைய மூன்று கோடுகளோ 4,000-க்கு மேல் படிப்படியாக விலகிப் போயிருந்தன. இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. மூன்றாவது ரன்னில் எட்டுக் குதிரைகள் திரும்பி வந்தன, ஊதும் இடத்தை மாற்றியதால் மட்டும்.

நான் யாருக்காவது என் காரின் பவர் என்ன என்று சொல்ல வேண்டுமென்றால் 159 என்று சொல்வேன். அதற்குப் பின்னால் ஒரு நிலைமை இருக்கிறது: எஸ்ஏஇ திருத்தம், மூன்றாவது தொடர் ரன், 51 டிகிரி இன்டேக் காற்று. இதே நிலைமையை நாளைக்கு மறுபடி உண்டாக்கி, ஏதாவது மாற்றத்தை அளக்க முடியும். வெறும் 162-ஐ வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

பெரிய கம்பெனிகளும் இந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டுகின்றன. 2018 டாட்ஜ் டீமனில் காரின் ஏசி வாயுவையே கேபினிலிருந்து திருப்பிவிட்டு, இன்டர்கூலரில் ஓடும் தண்ணீரைக் குளிர்விக்கும் ஏற்பாடு செய்தார்கள். 840 குதிரைத்திறன் வரை போகும் காரில் ஓட்டுநரின் குளிர்ச்சியை எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள் என்றால், சில டிகிரிகளின் மதிப்பு எவ்வளவு என்று புரியும்.

சூடு தவிர வேறு காரணங்களாலும் டார்க் கோடு சரியும். எதனால் சரிகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு உண்மையான சுவாரசியம். இதற்கு பவர் கோடு மட்டும் போதாது. பூஸ்ட், காற்று-எரிபொருள் விகிதம், இன்டேக் சூடு மூன்றும் கூடவே பதிவாக வேண்டும். புல்லி மாற்றிய புதிதில் என் கார் 6,300-க்கு மேல் சோர்ந்து போனது. பூஸ்ட் கோட்டைப் பார்த்தால் 0.9 பாரில் நிற்க வேண்டியது 0.75-க்கு இறங்கியிருந்தது. இன்ஜின் வேகம் ஏறும்போது பூஸ்ட் இறங்குகிறது என்றால், சூப்பர்சார்ஜர் கிராங்க்கோடு சேர்ந்து சுற்றவில்லை. பெல்ட் வழுக்குகிறது. புல்லி சிறியதானால் பெல்ட் அதைத் தழுவும் பரப்பும் குறைகிறது. சுற்ற வேண்டிய சுமையோ கூடுகிறது. கொஞ்சம் நீளம் குறைந்த புதுப் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கும் புது டென்ஷனரும் போட்டதும் கோடு நேராகிவிட்டது. இந்தக் காரில் தண்ணீர் பம்ப்பையும் சூப்பர்சார்ஜர்தான் சுழற்றுகிறது. ஆகவே பெல்ட் வழுக்கினால் பூஸ்ட் மட்டும் பாதிக்கப்படுவதில்லை, குளிரூட்டும் தண்ணீரின் ஓட்டமும் தடுமாறும்.

பூஸ்ட் நிலையாக இருந்து டார்க் மட்டும் இறங்கினால் ஸ்பார்க் தாமதத்தையும் சூட்டையும் சந்தேகிப்பேன். பூஸ்ட்டும் சூடும் சரியாக இருந்து, காற்று-எரிபொருள் விகிதம் 12-இலிருந்து மேலே ஏறத் தொடங்கினால், பெட்ரோல் போதவில்லை. அந்த இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், யோசிக்கவே கூடாது. ஆர்பிஎம் ஏறுகிறது, ரோலர் அதே விகிதத்தில் ஏறவில்லை என்றால் டயரோ கிளட்சோ வழுக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கையெழுத்து உண்டு.

அந்தக் கையெழுத்தை அழிப்பது ஸ்மூத்திங் என்ற வசதி. கோட்டின் நடுக்கத்தைத் தேய்த்து மழுப்பி அழகாக்கித் தரும். அச்சடிக்க நன்றாக இருக்கும். பெல்ட் ஒரு கணம் வழுக்கிப் பிடிக்கும் சின்னப் பள்ளம் அதில் காணாமல் போய்விடும். நான் எப்போதும் ஸ்மூத்திங் இல்லாத ஃபைலையும் கேட்டு வாங்குவேன்.

சக்கரத்தில் 159 என்றால் இன்ஜினில் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். 15 சதவீதம் கூட்டிக்கொள் என்பது ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கியர்பாக்ஸிலும் டயரிலும் போகும் இழப்பில் ஒரு பகுதி வேகத்தைப் பொறுத்தது, ஒரு பகுதி சுமையைப் பொறுத்தது. இன்ஜினின் பவர் இரு மடங்கானால் கியர்பாக்ஸ் இழப்பும் அப்படியே இரு மடங்காவதில்லை. சில டைனோக்களில் ரன் முடிந்ததும் கிளட்சை மிதித்து ரோலரைத் தானாக வேகம் குறையவிட்டு, அப்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து கூட்டுவார்கள். அது பரவாயில்லை. இனெர்ஷியா டைனோவில் இன்னொன்றும் உண்டு: எடை குறைந்த சக்கரங்களை மாட்டினால், அவற்றை வேகமெடுக்க வைக்க ஆகும் பவர் குறைவதால், ஷீட்டில் பவர் கூடித் தெரியும். இன்ஜின் அதேதான். அதனால் சக்கரத்தில் வந்த எண்ணைச் சக்கர எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கம்பெனி எண்களோடு ஒப்பிடும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். ஆனால் ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1999-இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று சொன்னபோது, அது வரவில்லை என்று உரிமையாளர்கள் டைனோ ஷீட்களோடு நின்றார்கள். ஃபோர்டு கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. 2003-இல் அதே கோப்ரா, இந்த முறை ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜரோடு, 390 குதிரைத்திறன் என்ற அறிவிப்போடு வந்தது. சக்கரத்திலேயே அதற்கு நெருக்கமாக வந்ததைப் பார்த்து, கம்பெனி இந்தத் தடவை குறைத்துச் சொல்லியிருக்கிறது என்று பலர் நம்பினார்கள். சாதாரண உரிமையாளர் கையில் ஒரு அளவுகோல் இருப்பதன் பலன் இது. அப்புறம் 2005-இல் அமெரிக்காவில் எஸ்ஏஇ, சாட்சி ஒருவர் முன்னிலையில் இன்ஜினை அளந்து சான்றளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதில் முதலில் தேறியது கார்வெட் இசட்06-இன் 505 குதிரைத்திறன் இன்ஜின்.

என் ஷீட்டில் நான் அதிகம் பார்ப்பது உச்சத்தை அல்ல, 2,500-க்கும் 5,000-க்கும் நடுவில் உள்ள டார்க் கோட்டை. அன்றாடம் ஓட்டும்போது ஊசி அங்கேதான் இருக்கிறது. ப்ளோயர் வைத்த மூன்றாவது ரன்னில் அந்தப் பகுதி முழுக்க டார்க் 185-க்குக் கீழே இறங்கவில்லை. ஓவர்டேக் செய்ய கியரைக் குறைக்காமலே கார் பாய்வதற்கு இதுதான் காரணம். புல்லிக்குக் கொடுத்த உழைப்பு இந்த இடத்தில்தான் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

17 சதவீதம் சிறிய புல்லி ஒன்று இந்தக் காருக்குக் கிடைக்கிறது. இப்போதைக்கு அதைப் போடப் போவதில்லை. 151-க்கு விழுந்த அந்த ரன்னைப் பார்த்த பிறகு, இன்னும் கொஞ்சம் பூஸ்ட் கூட்டினால் அதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும் என்று தெரிகிறது. முதலில் தடிமன் கூடிய இன்டர்கூலர், ஸ்கூப்பின் அடியில் தேய்ந்திருக்கும் அந்த ரப்பர் விளிம்புக்குப் பதில் புதியது. அதே டைனோ, அதே ப்ளோயர், அதே நான்காவது கியர், ஆறவிடாமல் மூன்று ரன். இன்டேக் காற்று 45 டிகிரியைத் தாண்டாமல் நின்றால் புல்லியைப் பற்றி யோசிப்பேன்.